ஹெட் கேஸ்கெட் சீலர் ரிவ்யூ: ஒரே பாட்டில், ரெண்டு வண்டி, ரெண்டு ரிசல்ட்

முதல்லயே சொல்லிடறேன், இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட் கசிஞ்சா அத அடைக்க ரேடியேட்டர்ல ஊத்துற இந்த லிக்விட் சீலர் என் வண்டில வேலை செஞ்சுது, என் மச்சான் வண்டில வேலை செய்யல. ரெண்டு பேரும் ஊத்துனது ஒரே கம்பெனி, ஒரே வகை பாட்டில், ஊத்துன முறையும் ஒண்ணுதான். அதனால "வாங்குங்க சூப்பர்"னு சொல்றவங்களும் சரி, "சுத்த ஏமாத்து வேலை"ன்னு திட்றவங்களும் சரி, அவங்கவங்க வண்டில நடந்ததத்தான் சொல்றாங்க, யாரும் பொய் சொல்லல. ஆனா லீக் எங்கேர்ந்து எங்க போச்சுன்னு யாருமே எழுத மாட்டேங்கிறாங்க, அது தெரியாம இந்த பாட்டிலுக்கு ஸ்டார் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்ல.

இன்ஜின்ல சிலிண்டர் இருக்கிற அடிப்பகுதி பிளாக், அது மேல மூடி மாதிரி உக்காந்திருக்கிறது ஹெட். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த மெல்லிசு கேஸ்கெட் ஒரே நேரத்துல மூணு விஷயத்த கலக்க விடாம பிரிச்சு வைக்குது, சிலிண்டருக்குள்ள எரியிற கேஸ், சுத்தி ஓடி சூட்டத் தணிக்கிற கூலன்ட், மேல ஏறி கீழ இறங்குற ஆயில். கூலன்ட் லைன்ல பிரஷர் ரொம்ப கம்மி, ரேடியேட்டர் மூடி புடிச்சு வைக்கிற அளவுதான், பெரும்பாலான கார்ல சுமார் 1 பார் (பார்ங்கிறது பிரஷர அளக்குற அலகு). சிலிண்டருக்குள்ள கதையே வேற, நல்லா மிதிச்சு ஓட்டும்போது பெட்ரோல் இன்ஜின்லயே 50 பாருக்கு மேல போகும், டீசல்னா 100ஐயும் தாண்டும், அதுவும் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவ அடிக்கிற அடி. இப்ப பாட்டில்லேர்ந்து ஊத்துற தண்ணியான ஒரு சமாச்சாரம் காய்ஞ்சு இறுகி எதத் தாங்கும் எதத் தாங்காதுன்னு நீங்களே யோசிச்சுக்கங்க. 1 பார தாங்கிடும். 50 பார தாங்குறது அபூர்வம்.

என் வண்டி பழைய பெட்ரோல் வண்டி, காஸ்ட் அயர்ன் பிளாக், அலுமினியம் ஹெட். இந்த ஜோடில ஒரு பிரச்சின உண்டு, சூட்டுக்கு அலுமினியம் இரும்ப விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும், அதனால நடுவுல இருக்கிற கேஸ்கெட் ஒவ்வொரு தடவ சூடேறி ஆறும்போதும் தேய்ஞ்சுகிட்டே இருக்கும், வருஷம் ஆக ஆக ஓரம் விட்டுடும். எனக்கு நடந்தது அதுதான். ரிசர்வ் டேங்க்ல கூலன்ட் மெதுவா குறையும், கீழ தரைல ஒரு சொட்டு கூட இருக்காது. டார்ச் அடிச்சு பார்த்தா ஹெட்டும் பிளாக்கும் சேர்ற கோட்டுல பின்பக்கமா கூலன்ட் கலர்ல உப்பு பூத்த மாதிரி படிஞ்சிருந்துச்சு. சூடான இன்ஜின் மேலயே கசிஞ்சு அங்கயே காய்ஞ்சிடுது, அதான் கீழ சொட்டல.

இத பார்த்த உடனே பாட்டில் வாங்கிடாதீங்க, டெஸ்ட் பண்ணாம ஊத்துறது கண்ண கட்டிக்கிட்டு ஊத்துறதுதான். நம்ம மெக்கானிக் அண்ணன் மூணு செக் பண்ணாரு. ஒண்ணு, ரேடியேட்டர்ல கை பம்ப் வச்சு கூலிங் சிஸ்டத்துக்கு பிரஷர் கொடுத்து எங்க கசியுதுன்னு பாக்குறது. ரெண்டாவது பிளாக் டெஸ்டர், ஒரு கண்ணாடி குழாய்ல நீல கலர் திரவம் இருக்கும், அத ரேடியேட்டர் வாய்ல வச்சு கூலன்ட்டுக்கு மேல நிக்கிற காத்த உறிஞ்சி விடுவாங்க, எரிஞ்ச கேஸ் அதுல கலந்திருந்தா அதோட கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளா மாறிடும். கூலன்ட்ட கொஞ்சம் இறக்கிட்டு செய்யணும், கூலன்ட்டே உள்ள ஏறிட்டா டெஸ்ட் கெட்டுடும். மூணாவது ஸ்பார்க் ப்ளக்க கழட்டி பாக்குறது, ஒரு சிலிண்டருக்குள்ள கூலன்ட் போகுதுன்னா அந்த ப்ளக் மட்டும் நீராவில கழுவி விட்ட மாதிரி பளிச்சுன்னு இருக்கும். எனக்கு நீலம் நீலமாவே இருந்துச்சு, ப்ளக் எல்லாம் ஒரே கலர், ஆயில் அளவு பாக்குற குச்சி, அதான் டிப்ஸ்டிக், அதுவும் சுத்தம். ஆக வெளிப்பக்க கசிவு மட்டும்தான். அண்ணன் சொன்னாரு, "ஹெட்ட இறக்கி செய்யிறதுதான் முறை சார், ஆனா இந்த ஒரு லீக்குக்கு வேணா பாட்டில் ட்ரை பண்ணலாம், வேற எதுக்கும் கேக்காதீங்க". அவர் சொன்ன அந்த அளவோட நிறுத்திக்கிட்டதுலதான் என் வண்டி தப்பிச்சுது.

ஆயில் மூடிக்கு அடில வெள்ளையா நுரை இருந்தாலே கேஸ்கெட் போச்சுன்னு அலறாதீங்க, தினமும் ரொம்ப கம்மி தூரம் ஓட்டுற வண்டில ஈரம் ஆவியாகாம அங்க நுரைச்சு நிக்கும். டிப்ஸ்டிக்லயும் அதே வெள்ளை இருந்து, கூலன்ட்டும் குறைஞ்சா அப்ப கவலைப்படுங்க.

நான் வாங்குனது சோடியம் சிலிகேட் வகை. கடைல ரெண்டு ரகம் கிடைக்கும், ஒண்ணு இது, இன்னொண்ணு நாருங்க, பொடிப்பொடியா செம்புத் துகள் மாதிரி சமாச்சாரம் மிதக்கிற ரகம், அது ஓட்டைல போய் அடைச்சுக்கும், கூலன்ட்டோடயே விட்டுடலாம்னு சொல்வாங்க. சிலிகேட் வேற மாதிரி, தண்ணில கரைஞ்சிருக்கும், கசியிற இடத்துல போய் சூட்டுல தண்ணி ஆவியானதும் கண்ணாடி மாதிரி ஒரு படலமா இறுகிடும். கார்பன் டை ஆக்சைடு பட்டாலும் இறுகும், ஃபவுண்டரில மணல் அச்ச கெட்டியாக்குறதுக்கு இதே சிலிகேட்ட கலந்து அந்த கேஸ செலுத்துவாங்க. புதுசா கண்டுபிடிச்ச மந்திரம்லாம் இல்ல, ரொம்ப பழைய கெமிஸ்ட்ரி.

இந்த ரகத்துல முக்கியமான வேல ஊத்துறதுல இல்ல, அதுக்கு முன்னாடி கழுவுறதுலதான் இருக்கு. நிறைய பேர் ஃபெயில் ஆகுறது இங்கதான்னு நான் நினைக்கிறேன். கூலன்ட்ல இருக்கிற எத்திலீன் கிளைகாலோட இந்த அடர்த்தியான சிலிகேட் சேர்ந்தா ஜெல் ஆகி கட்டி தட்டும், அந்த கட்டி நேரா ரேடியேட்டர் குழாயிலயும், வண்டிக்குள்ள சூடு காத்து தர்ற குட்டி ரேடியேட்டரான ஹீட்டர் கோர்லயும் போய் உக்காரும். பாட்டில்லயே எழுதியிருக்கு, பழைய கூலன்ட் முழுசா வடியணும், வெளிய வர்ற தண்ணி தெளிவா இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசணும்னு. நாங்க அலசி அலசி கடைசில கலரே இல்லாம தண்ணி வந்தப்புறம்தான் நிறுத்துனோம். வடிச்ச கூலன்ட்ட தரைல விடாதீங்க ப்ளீஸ், அது இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்கி குடிச்சா சிறுநீரகம் போய் செத்துடும், ஒரு கேன்ல புடிச்சு மூடி போட்டு வைங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய திறக்கவே கூடாது, இத எவ்வளவு தடவ சொன்னாலும் தகும், மூஞ்சி வெந்துடும்.

அப்புறம் வெறும் தண்ணி நிரப்பி, சில பாட்டில்ல சொல்ற மாதிரி இன்ஜின் சூடாகுற வரைக்கும் கூலன்ட்ட தடுத்து வைக்கிற தெர்மோஸ்டாட்ட கழட்டி வச்சிட்டு, ஹீட்டர ஃபுல் சூட்டுல வச்சு, இன்ஜின ஐடில்ல விட்டு, பாட்டில நல்லா குலுக்கி நூல் மாதிரி மெதுவா ஊத்தணும். ஒரேயடியா கவுத்தா ஒரே இடத்துல போய் தேங்கிடும். ஹீட்டர ஏன் போடணும்னா அந்த லைன் மூடியிருந்தா தண்ணி சுத்தாம மருந்து அங்கயே நின்னு இறுகிடும். பாட்டில் சொன்ன நேரம் வரைக்கும் டெம்பரேச்சர் முள்ள பாத்துக்கிட்டே ஓடவிட்டு, ஆறவிட்டு, வடிச்சு, மூடிய திறந்து வச்சு ஒரு நாள் காய விடணும், அதுக்கப்புறம்தான் புது கூலன்ட். அந்த காய விடுற ஒரு நாள பொறுமையில்லாம தாண்டிட்டா எல்லாம் வீண், படலம் இறுகாம திரும்ப கரைஞ்சு போயிடும்.

ரிசல்ட்? உப்பு பூத்த இடத்த துடைச்சு வச்சிருந்தேன், மாசக்கணக்கா அது காய்ஞ்சே இருந்துச்சு, ரிசர்வ் டேங்க் லெவல் அசையல. வெயில்ல, மேட்டுல, டிராஃபிக்ல எல்லாம் ஓட்டிட்டேன், முள் எப்பவும் நிக்கிற இடத்துலயே நின்னுச்சு. ஒரு குறை இருக்கு, ஹீட்டர் முன்ன மாதிரி சூடா ஊதல, ஹீட்டர் கோர்ல இருக்கிற குழாய் ரொம்ப குறுகல், அங்க கொஞ்சம் படிஞ்சிருக்குன்னு அர்த்தம். குளிர் ஊர்ல இருக்கிறவங்க, கண்ணாடில பனி படியிறத ஹீட்டர வச்சுதான் விலக்குறவங்க, இத சின்ன விஷயமா எடுத்துக்காதீங்க. ரேடியேட்டர் ஏற்கனவே பாதி அடைச்சு கிடக்கிற வண்டின்னா பாட்டில் பக்கமே போகாதீங்க, லீக் நிக்கும் வண்டி கொதிக்கும்.

மச்சான் என் வண்டிய பார்த்துட்டு "மாப்ள, எனக்கும் அதே பாட்டில வாங்கிக் கொடு"ன்னு சொன்னாரு. அவர் வண்டில காலைல ஸ்டார்ட் பண்ண உடனே, இன்ஜின் சூடே ஆகாம, மேல் ஹோஸ் கல்லு மாதிரி இறுகிடும், ரேடியேட்டர்ல பபிள் பபிளா வரும், டெஸ்டர் திரவம் நல்ல மஞ்சள். அதாவது சிலிண்டர் கேஸ் கேஸ்கெட்ட கிழிச்சுக்கிட்டு கூலன்ட்டுக்குள்ள அடிக்குது, மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்துல உள்ளேர்ந்து பெரும் பிரஷர் அத தள்ளிக்கிட்டே இருக்கு. வேணாம்னு அண்ணனும் சொன்னாரு நானும் சொன்னேன், அவர் கேக்கல, எல்லாத்தையும் ஒழுங்கா அலசித்தான் ஊத்துனாரு, கொஞ்ச நாள் பபிள் குறைஞ்சுது, ஒரு நீள மேடு ஏறும்போது திரும்ப கொதிச்சிடுச்சு. இந்த தடவ ஹெட்டும் வளைஞ்சுது. பாட்டில் காசு போனது பெருசில்ல, அந்த கொதிப்புதான் நஷ்டம், ஏன்னா முன்னாடியே ஹெட்ட இறக்கியிருந்தா வெறும் கேஸ்கெட்டோட போயிருக்கும். இந்த மாதிரி லீக்ல இன்னொரு ஆபத்து, நிறுத்தி வச்சிருக்கும்போது கூலன்ட் சிலிண்டருக்குள்ள தேங்கும், தண்ணி அமுங்காது, காலைல செல்ஃப் அடிச்சா பிஸ்டனோட இணைஞ்சிருக்கிற கனெக்டிங் ராடே வளையலாம். செல்ஃப் பாதில இறுகி நின்னா திரும்பத் திரும்ப அடிக்காதீங்க, ப்ளக்க கழட்டி பாருங்க.

மூணாவது ரக லீக், ஆயில்ல கூலன்ட் கலக்குறது. இதுல சிலிகேட் பாட்டில் ஊத்துறது இன்ஜின கொல்றதுக்கு சமம், இத நான் பெருசு பண்ணி சொல்லல. 2009ல அமெரிக்காவுல பழைய வண்டிய கொடுத்துட்டு புது வண்டி வாங்குறதுக்கு அரசாங்கமே பணம் கொடுத்த திட்டம் வந்துச்சு, அதுல வாங்குன பழைய வண்டிங்க திரும்ப ரோட்டுக்கு வரக்கூடாதுன்னு ஆயில வடிச்சிட்டு இதே சோடியம் சிலிகேட் கரைசல ஆயிலுக்குப் பதிலா ஊத்தி இன்ஜின ஓட விடுவாங்க, கொஞ்ச நேரத்துல பேரிங் எல்லாம் புடிச்சு இன்ஜின் ஜாம். அந்த சமாச்சாரத்த, கூலன்ட் ஆயிலோட கலக்குற வண்டில கூலன்ட்டுக்குள்ள ஊத்துனா அது எங்க போகும்? டிப்ஸ்டிக் வெள்ளையா இருந்தா வண்டிய ஓட்டவும் வேணாம், டோ பண்ணி எடுத்துட்டு போங்க.

ஆக என் மார்க். வெளிப்பக்க கசிவு, மத்ததெல்லாம் சுத்தம்னா 5க்கு 4. காலைல கொஞ்சூண்டு வெள்ளப்புகை, மெதுவா குறையிற கூலன்ட், பபிள் இல்லன்னா, அதாவது சிலிண்டருக்குள்ள கூலன்ட் கொஞ்சமா கசிஞ்சு புகையா போகுதுன்னா, 2 கொடுப்பேன், பழைய வண்டி, ஹெட் வேலைக்கான செலவே வண்டி மதிப்ப தாண்டுதுன்னா மட்டும், அதுலயும் சீலர்ல இருக்கிற சிலிக்கா புகையோட போய் புகைக்குழாய்ல இருக்கிற ஆக்சிஜன் சென்சார கெடுக்க வாய்ப்பு இருக்கு. பபிள் வந்தா 1. ஆயில் கலந்தா மார்க்கே கிடையாது. புது வண்டி, வாரன்டி உள்ள வண்டின்னா இந்த பேச்சே வேணாம்.

ஒண்ணு மனசுல இருக்கு, சொல்லிடறேன். விக்கிறதுக்கு முன்னாடி இத ஊத்தி லீக்க மறைச்சு அடுத்தவன் தலைல கட்டுறவங்க இருக்காங்க, தப்புங்க அது, குடும்பத்தோட நடுரோட்டுல நிக்கப் போறது இன்னொருத்தன். பழைய வண்டி பாக்கப் போறீங்கன்னா ஆறின இன்ஜின்லதான் பாருங்க, விக்கிறவர் முன்கூட்டியே ஓட்டி சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வரேன்னு சொல்லிடுங்க. ரிசர்வ் டேங்க் அடில மண்டி, மினுமினுன்னு செம்புத் துகள், ரேடியேட்டர் மூடிக்கு உள்பக்கம் நாரோ வெள்ளப் படிவோ இருக்கான்னு விரல விட்டு பாருங்க, ஹீட்டர் போட்டா சூடா வருதான்னு பாருங்க. டெஸ்டர் திரவம் உள்ள மெக்கானிக்க கூட்டிட்டுப் போனா இன்னும் நல்லது.

ஊத்துனவங்க பின்னாடி எப்பவாவது ஹெட் வேலைக்கு விட்டா, சீலர் ஊத்தியிருக்குன்னு மெக்கானிக்கிட்ட மறைக்காம சொல்லிடுங்க. மச்சான் வண்டில ஹெட்ட இறக்குனப்ப நானும் பக்கத்துல நின்னேன், கூலன்ட் ஓடுற வழியெல்லாம் வெள்ளையா படிஞ்சிருந்துச்சு, சுரண்டி எடுக்கவே நேரம் புடிச்சுது. ஹெட்ட லேத்துல கொடுத்து நேர்கோல் வச்சு, ஃபீலர் கேஜ்ங்கிற மெல்லிசு தகட்ட இடைவெளில விட்டு வளைவு பாப்பாங்க, பல இன்ஜின்ல 0.05 மில்லிமீட்டர் தாண்டுனாலே ஃபேஸிங் பண்ணணும், அதாவது பரப்ப சீவி சமமாக்கணும், சரியான அளவு அந்தந்த வண்டி மேனுவல்ல இருக்கும். சீலர் படிவு மேல கோல வச்சா அளவே தப்பா காட்டும், அதான் சொல்லிடுங்கன்னேன். ஹெட் போல்ட் முறுக்குனா நீளுற வகைன்னா பழசையே மாட்ட விடாதீங்க, புதுசு போட்டு முறுக்கு விசைய அளக்குற டார்க் ரெஞ்ச்சும் திருப்புற கோணத்த அளக்குற ஆங்கிள் கேஜும் வச்சு மேனுவல்ல இருக்கிற வரிசைப்படி முறுக்கச் சொல்லுங்க. ரேடியேட்டரையும் ஹீட்டர் கோரையும் தனியா கழட்டி ஃப்ளஷ் பண்ணிட்டு மாட்டச் சொல்லுங்க, இல்லன்னா உள்ள மிச்சம் இருக்கிற படிவு பேந்து வந்து புது கேஸ்கெட் போட்ட வண்டியையும் கொதிக்க வச்சிடும்.