அலுமாரிக்குள் இருக்கும் வாசம்: லிலியலா, லினலூலா, இரண்டும் வேண்டாமா?

யாழ்ப்பாணத்தில் வெளிநாட்டுப் பார்சல் வராத வீடு குறைவு. வந்த லோஷனை உடனே பூசித் தீர்க்கிற வீடு அதைவிடக் குறைவு. நல்ல நாள் பெருநாளுக்கு ஆகும் என்று அலுமாரியில் சேலைகளுக்கு இடையே வைத்துவிடுவோம். போன மாதம் சின்னம்மாவின் அலுமாரியைத் துப்புரவாக்கியபோது, லண்டனில் இருந்து 2019 இல் வந்த போத்தல் ஒன்று முத்திரை உடையாமல் கிடைத்தது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் போனில் படம் பிடித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். கடைசி வரியில் இரண்டு வாசனைப் பொருட்களின் பெயர்கள்: பியூட்டைல்பினைல் மெத்தில்புரொப்பியோனல், லினலூல்.

முதலாவதைத்தான் லிலியல் என்பார்கள். வெள்ளைப் பூவின் மென்மையான வாசம். ஷாம்பூவில் இருந்து சலவைத்தூள் வரை சேர்த்தார்கள். உடம்புக்குள் போனதும் இது ஒருவகை பென்சோயிக் அமிலமாக மாறி, எலிகளில் விந்து உற்பத்தியைக் கெடுப்பது பரிசோதனைகளில் தெரிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இதை இனப்பெருக்கத்துக்குத் தீங்கானது என்று கருத வேண்டிய பொருட்களின் வகையில் (1பி) சேர்த்து, 2022 மார்ச் 1 முதல் அழகுசாதனங்களில் தடை செய்தது. கடையில் இருந்த பழைய சரக்கை விற்கவும் அவகாசம் இல்லை. எலிக்குக் கொடுத்த அளவு நாம் பூசும் அளவைவிட மிக அதிகம் என்று சிலர் வாதிடுவார்கள். சரிதான். ஆனால் நாம் ஒன்றை மட்டுமா பூசுகிறோம்? சவர்க்காரம், கிறீம், ஸ்பிரே எல்லாவற்றிலும் இது இருந்தால், மொத்தமாகச் சேரும் அளவைப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்றே ஐரோப்பிய அறிவியல் குழுவும் 2019 இல் முடிவு செய்தது. எனக்கு அந்தக் கணக்கு போதும்.

லினலூல் நமக்குப் பழக்கமானது. கொத்தமல்லி விதையைக் கசக்கி முகர்ந்தால் மூக்கில் ஏறுவது பெரும்பாலும் அதுதான். இதற்குத் தடை இல்லை. பூசி அப்படியே விடுகிற பொருளில் 0.001 வீதத்துக்கு மேலும், கழுவி விடுகிற பொருளில் 0.01 வீதத்துக்கு மேலும் இருந்தால் பெயரை எழுத வேண்டும் என்பதே ஐரோப்பியச் சட்டம். வில்லங்கம் காற்றில் இருக்கிறது. ஒட்சிசன் பட்டுப் பட்டு இது பெரொக்சைட்டாக மாறும். தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவது அந்த மாறிய பொருள். எலுமிச்சை, தோடை வாசத்தில் வரும் லிமோனீனும் அப்படித்தான். பாதி தீர்ந்த பேபி கொலோன் போத்தலை மூடி தளர்ந்தபடி சித்திரை வெயில் படும் யன்னலில் வைக்கிறோமே, அந்த இடத்தை முதலில் மாற்றுங்கள். இயற்கை வாசம், ஒன்றும் செய்யாது என்ற பேச்சையும் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது வழி, வாசனையே சேர்க்காதது. கைக்குழந்தைக்கும் சொறி உள்ள தோலுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஒன்றைக் கவனியுங்கள்: ‘வாசம் இல்லாதது’ என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும், மூலப்பொருளின் நாற்றத்தை மறைக்க வாசனை சேர்த்திருக்கலாம். பின்பக்கப் பட்டியலில் பர்ஃபியூம் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சின்னம்மா அந்தப் போத்தலை ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகளுக்கென்று எடுத்து வைத்திருந்தார்.

“உடைக்காத சாமான் பிள்ளை, எறியிறதோ?”

“எறியத்தான் வேணும் சின்னம்மா.”

கொஞ்ச நேரம் போத்தலையே பார்த்தார். பிறகு தானே கொண்டுபோய்க் குப்பைப் பையில் போட்டார்.