குறையை ஹெட்போன் தலையில் கட்டும் மலிவு மியூசிக் பிளேயர்கள்: வாங்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

ஆன்லைனில் 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்குள், "64 ஜிபி, ஹை-ரெஸ், லாஸ்லெஸ், ப்ளூடூத் 5.0, 50 மணி நேர பேட்டரி" என்று விற்கிற பெயர் தெரியாத மியூசிக் பிளேயர்களைப் பற்றிய எச்சரிக்கை இது. அப்படி வாங்கிய ஒன்றில் பாட்டு மெலிந்து கேட்டது. மிருதங்கத்தின் தொப்பியும் பேஸ் கிடாரும் இருக்கிற இடமே தெரியவில்லை. புகார் செய்ததும் விற்பனையாளர் அனுப்பிய பதில்: "பிளேயர்ல பிரச்சினை இல்ல சார், உங்க ஹெட்போன் செட் ஆகல. வேற ஒண்ணு போட்டுப் பாருங்க." வேறொன்றைப் போட்டால் நிஜமாகவே நன்றாகக் கேட்டது. அதையே காரணம் காட்டி ரிட்டர்னை மறுத்துவிட்டார்கள்.

இந்தப் பதிலை நம்பி ஏமாறாதீர்கள். ஒழுங்கான பிளேயர் 16 ஓம் இயர்போனுக்கும் 300 ஓம் ஹெட்போனுக்கும் (ஓம் என்பது ஹெட்போன் மின்சாரத்துக்குக் காட்டும் தடையின் அளவு) ஒரே மாதிரி சிக்னலைத்தான் கொடுக்கும்; சத்தம் கூடலாம், குறையலாம், பேஸ் மட்டும் காணாமல் போகாது. ஹெட்போனை மாற்றினால் குறை மறைகிறது என்றால் பிளேயரின் வெளியீட்டுச் சுற்றில் கோளாறு இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அதை வீட்டிலேயே அளந்து நிரூபிக்கலாம், திருகாணியைத் தொடவே வேண்டாம்.

ரிட்டர்ன் மறுத்த பிறகு அந்தப் பிளேயரைப் பிரித்துப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. ஹெட்போன் ஜாக்குக்குப் பக்கத்தில் இடது, வலது இரண்டுக்கும் தலா ஒரு 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர். சிப்பிலிருந்து பாட்டோடு சேர்ந்து டிசி வோல்டேஜும் வரும். அது ஹெட்போனுக்குப் போய்விடாமல் தடுக்கத்தான் இந்தக் கண்டன்சர். தடுக்கிற வேலையைச் சரியாகச் செய்கிறது, ஆனால் கூடவே தாழ்ந்த ஸ்வரங்களையும் வெட்டுகிறது. எங்கே வெட்டத் தொடங்கும் என்பது ஹெட்போனின் இம்பிடன்ஸைப் (அந்த ஓம் அளவை) பொறுத்தது. கணக்கு எளிது: 1-ஐ 2 பை × ஓம் × ஃபாரட் ஆல் வகுக்க வேண்டும். 100 மைக்ரோஃபாரடுக்கு 16 ஓம் இயர்போன் போட்டால் 99 ஹெர்ட்ஸ் அருகிலேயே ஒலி 3 டெசிபெல் விழுந்துவிடும், அதற்குக் கீழே இன்னும் வேகமாகச் சரியும். 32 ஓமுக்கு அந்த எல்லை 50 ஹெர்ட்ஸ். காஸ் போர்ட்டா ப்ரோ மாதிரி 60 ஓம் ஹெட்போனுக்கு 27 ஹெர்ட்ஸ். 300 ஓம் ஹெட்போனுக்கு 5 ஹெர்ட்ஸ், அதாவது காதுக்குத் தெரியவே தெரியாது.

விற்பனையாளர் "வேற ஹெட்போன் போடுங்க" என்றது ஏன் பலித்தது என்று இப்போது புரியும். பெட்டியோடு வருகிற இயர்போன்களும் கடையில் சுலபமாகக் கிடைக்கிற இயர்போன்களும் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம்தான். விற்கிற பொருள் அதற்குச் சரியாக ஓட வேண்டும். கண்டன்சரே தேவையில்லாத சிப்கள் வந்து பல வருடமாகிறது. கண்டன்சர் வைத்தே ஆக வேண்டுமென்றாலும் 220 மைக்ரோஃபாரட் வைத்திருந்தால் 16 ஓமுக்கு எல்லை 45 ஹெர்ட்ஸுக்கு இறங்கியிருக்கும். பெரிய கண்டன்சருக்கு இடமும் காசும் கூடும் என்பதால் சிறியதை வைத்துவிடுகிறார்கள்.

அளக்கும் முறை இது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் 50 ஹெர்ட்ஸ் சைன் டோன் (ஒரே சுருதியில் ஒலிக்கும் சுத்தமான ஒலி) ஒன்று, 400 ஹெர்ட்ஸ் சைன் டோன் ஒன்று, இரண்டையும் ஒரே ஆம்ப்ளிட்யூடில் (0.5 போதும்) உருவாக்கி வேவ் கோப்பாகப் பிளேயரில் ஏற்றுங்கள். ஈக்வலைசர், பேஸ் பூஸ்ட், "3டி சவுண்ட்" எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரு 3.5 மில்லிமீட்டர் ஸ்ப்ளிட்டரை ஜாக்கில் செருகி, ஒரு பக்கம் 16 ஓம் இயர்போன், இன்னொரு பக்கம் ஆக்ஸ் கேபிள். இயர்போனைக் காதில் மாட்டாதீர்கள், மேஜையில் கிடக்கட்டும். ஆக்ஸ் கேபிளின் மறுமுனையில் நுனிக்கும் அடிப்பட்டைக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, வால்யூமை மாற்றாமல் இரண்டு டோனையும் அளந்து பாருங்கள். 400 ஹெர்ட்ஸில் 400 மில்லிவோல்ட் காட்டினால் 50 ஹெர்ட்ஸிலும் ஏறக்குறைய அவ்வளவே காட்ட வேண்டும். 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர் உள்ள பிளேயரில் 185 மில்லிவோல்ட் அளவுக்குத்தான் வரும். பிறகு இயர்போனைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தால் இரண்டும் சமமாகிவிடும். இந்த நான்கு எண்களையும் ஒரே வீடியோவில் எடுத்து வையுங்கள், "ஹெட்போன் செட் ஆகல" என்ற வாதத்துக்கு அதற்குமேல் பதில் தேவையில்லை.

மீட்டர் விஷயத்தில் ஒன்று. டிடி-830 வகை மஞ்சள் நிற மலிவு மீட்டரில் ஏசி அளவு 200 வோல்ட்டில்தான் தொடங்கும், மில்லிவோல்ட்டை அது காட்டாது. ஏசியில் 2 வோல்ட் ரேஞ்சோ அதற்குக் குறைந்ததோ உள்ள மீட்டர் வேண்டும். மேல் டோனை 1,000 ஹெர்ட்ஸ் என்று வைக்காமல் 400 என்று வைத்ததற்கும் காரணம் உண்டு: பல சாதாரண மீட்டர்கள் 400 ஹெர்ட்ஸைத் தாண்டினால் ஏசியைச் சரியாக அளக்காது.

இரண்டாவது வகைக் குறை, ஜாக்குக்கு முன்னால் தொடராக வைக்கிற ரெசிஸ்டர். ஷார்ட் ஆனால் சிப் கருகாமல் இருக்கவும், இரைச்சல் குறைவாகத் தெரியவும் 10 ஓம், சில சமயம் அதற்கும் மேல் வைத்துவிடுகிறார்கள். ஒற்றை டைனமிக் டிரைவர் (சாதாரண ஸ்பீக்கர் மாதிரியான குட்டி ஒலிப்பான்) உள்ள 32 ஓம் இயர்போனில் இதனால் சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பேலன்ஸ்டு ஆர்மேச்சர் என்ற வேறு வகைக் குட்டி டிரைவர்கள் பல உள்ள இன்-இயர் (காதுக்குள் செருகும் இயர்போன்) போட்டால்தான் விபரீதம். அவற்றின் இம்பிடன்ஸ் ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ஓரிடத்தில் 8 ஓம், வேறிடத்தில் 40 ஓம் என்று ஏறி இறங்கும் இயர்போனை 10 ஓம் வெளியீட்டில் செருகினால் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே 5 டெசிபெல் வித்தியாசம் விழுகிறது. வெளியீடு 1 ஓமாக இருந்தால் அதே வித்தியாசம் 0.8 டெசிபெல்தான். 5 டெசிபெல் என்பது ஈக்வலைசரைக் கன்னாபின்னாவென்று திருப்பி வைத்த மாதிரி. பாடகரின் குரல் மூக்கடைத்துக் கேட்கும், அல்லது சிம்பல் காதைக் கிழிக்கும். பத்தாயிரம் ரூபாய் இயர்போனை மட்டம் என்று முடிவுகட்டி விற்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து முதலில் பிளேயரை அளந்து பாருங்கள்.

அதற்கும் அதே 400 ஹெர்ட்ஸ் டோன் போதும். ஜாக்கில் எதுவும் செருகாமல் ஒரு அளவு, இயர்போனுக்குப் பதிலாக 33 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு இன்னொரு அளவு. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்து, 1 கழித்து, 33 ஆல் பெருக்கினால் வெளியீட்டு இம்பிடன்ஸ் வந்துவிடும். 400 மில்லிவோல்ட் 307 ஆக விழுந்தால் 10 ஓம் என்று அர்த்தம். இயர்போன் இம்பிடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் கவலை இல்லை.

விலை குறைவு என்பதால் இதெல்லாம் தவிர்க்க முடியாது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 2009-ல் வந்த சான்டிஸ்கின் சான்சா கிளிப் பிளஸ் மலிவான பிளேயர்தான், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் வெளியீடு சுமார் 1 ஓம், அதிகபட்சம் அரை வோல்ட் அளவுக்குக் கொடுக்கும். கம்பெனி மென்பொருளுக்குப் பதிலாகப் போடக்கூடிய ராக்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளும் அதில் ஓடும். அதன் உற்பத்தி நின்று வெகுகாலமாகியும் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

அரை வோல்ட் போதுமா என்ற சந்தேகம் வரும். போர்ட்டா ப்ரோ 60 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபெல். அரை வோல்ட்டில் உச்சம் 107 டெசிபெல், பஸ்ஸுக்குக்கூட தாராளம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவின் 250 ஓம் வகைக்கு அதே அரை வோல்ட்டில் ஒரு மில்லிவாட்தான் போய்ச்சேரும், உச்சம் 96 டெசிபெல். பாட்டின் சராசரி அளவு உச்சத்திலிருந்து பத்துப் பதினைந்து டெசிபெல் கீழேதான் இருக்கும் என்பதால் அமைதியான அறையில் மட்டும் சரிப்படும். அது பிளேயரின் மோசடியில் சேராது. 250 ஓம் ஹெட்போனைப் போட்டுவிட்டுச் சத்தம் போதவில்லை என்று புகார் கொடுத்தால் நியாயம் உங்கள் பக்கம் நிற்காது. இன்னொன்று, சில பிளேயர்கள் முதல்முறை ஆன் செய்யும்போது எந்தப் பகுதி என்று கேட்கும். ஐரோப்பா என்று கொடுத்தால் அங்குள்ள வால்யூம் விதிப்படி சத்தத்தைக் குறைத்துவிடும்.

புஸ்ஸென்ற இரைச்சலைச் சோதிக்கும்போது பலரும் பாட்டை இடைநிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். இடைநிறுத்தினால் ஆம்ப்ளிஃபயரையே அணைத்துவிடுகிற பிளேயர்கள் உண்டு, இரைச்சல் இருப்பதே தெரியாது. ஆடாசிட்டியில் ஒரு நிமிட மௌனத்தைக் கோப்பாக்கி அதை ஓடவிட்டுக் கேளுங்கள். உணர்திறன் கூடிய இன்-இயரில்தான் தெளிவாகத் தெரியும். ஸ்கிரீன் எரியும்போதும் மெமரி கார்டைப் படிக்கும்போதும் டிக் டிக் என்று கேட்டால், உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையில் மற்ற பகுதிகளின் மின்சாரம் ஒலிப் பகுதிக்குள் கசிகிறது என்று அர்த்தம். எந்த ஹெட்போன் போட்டாலும் அது போகாது.

உண்மையிலேயே பிளேயரின் குற்றம் இல்லாத ஒரு சந்தர்ப்பத்தையும் சொல்லியாக வேண்டும். மைக் வைத்த மொபைல் இயர்போனைச் செருகினால் பாடகர் குரல் மட்டும் காணாமல் போய், வாத்தியங்கள் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்கிறதா? மைக்கில் உள்ள பட்டனை அழுத்திப் பிடியுங்கள். பாட்டு உடனே சரியானால், நான்கு பட்டை பின்னின் கிரவுண்ட், பிளேயரின் மூன்று பட்டை ஜாக்கில் சரியாகத் தொடவில்லை. கிரவுண்ட் இல்லாதபோது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே கேட்கும், நடுவில் பதிவான குரல் கழிந்துவிடும். மைக் இல்லாத இயர்போனோ ஒரு சின்ன அடாப்டரோ போட்டால் தீர்ந்தது.

64 ஜிபி என்பது பல பிளேயர்களில் பச்சைப்பொய். 8 ஜிபி சிப்பை 64 என்று காட்டும்படி மாற்றி எழுதியிருப்பார்கள். முதல் 8 ஜிபி வரை எல்லாம் ஒழுங்காக இருக்கும். அதற்குமேல் ஏற்றினால் பழைய பாட்டுகளின் மேலேயே எழுதும், பாட்டு நடுவே கடகடவென்று வெட்டும், அப்போதும் வயர் சரியில்லை, ஹெட்போன் சரியில்லை என்பார்கள். விண்டோஸில் எச்2டெஸ்ட்-டபிள்யூ, லினக்ஸில் எஃப்3, இரண்டும் இலவசம். முழு இடத்தையும் நிரப்பித் திரும்பப் படித்துப் பார்த்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். நொடிக்கு 5 எம்பி வேகத்தில் எழுதவே மூன்றரை மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்குங்கள். கணினியில் 59.6 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், உண்மையான 64 ஜிபியும் அப்படித்தான் காட்டும்.

ஹை-ரெஸ் முத்திரை ஜப்பான் ஆடியோ சொசைட்டி அனுமதித்துத் தருவது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பைக் கையாளவும் 40 கிலோஹெர்ட்ஸ் வரை வெளியிடவும் வேண்டும். அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டினால் வந்துவிடாது. ப்ளூடூத் 5.0 என்பது ரேடியோவின் பதிப்பு, ஒலித்தரத்தை முடிவுசெய்வது கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. எஸ்பிசி என்ற அடிப்படை கோடெக் மட்டும் உள்ள பிளேயரில் ப்ளூடூத் வழியே நொடிக்கு 328 கிலோபிட் அளவுக்குத்தான் போகும், லாஸ்லெஸ் (எதையும் இழக்காத ஒலி) என்ற பேச்சுக்கே இடமில்லை. பிரித்த பிளேயரில் இருந்த பேட்டரியில் 402030 என்று அச்சிட்டிருந்தது: 4 மில்லிமீட்டர் தடிமன், 20 அகலம், 30 நீளம். அந்த அளவு பேட்டரி 200 மில்லி ஆம்ப்-அவர் சுமாருக்குத்தான் தாங்கும். 50 மணி நேரம் ஓட வேண்டுமென்றால் சராசரியாக 4 மில்லி ஆம்ப் மட்டுமே எடுக்க வேண்டும். ஸ்கிரீனும் ப்ளூடூத்தும் உள்ள பிளேயரில் அது நடக்காத காரியம்.

பொருள் வந்த அன்றே லிஸ்டிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு வாசகத்தை மாற்றிவிடுகிறார்கள். அட்டையில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்ஆர்பி இருக்க வேண்டும். பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். 'ஆர்' எழுத்தோடு வரும் 8 இலக்க எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டுப் பாருங்கள். ரிட்டர்ன் காலம் முடியும்வரை பிளேயரைப் பிரிக்கவே கூடாது, பிரித்த தடம் தெரிந்தால் அதையே காரணமாக்கிவிடுவார்கள்.

புகாரில் "சவுண்டு சரியில்லை" என்று எழுதாதீர்கள். "16 ஓம் லோடில் 50 ஹெர்ட்ஸ் 185 மில்லிவோல்ட், 400 ஹெர்ட்ஸ் 400 மில்லிவோல்ட், 64 ஜிபி என்று விற்றதில் உண்மை அளவு 8 ஜிபி" என்று எண்ணோடு எழுதி, வீடியோவையும் எச்2டெஸ்ட்-டபிள்யூ அறிக்கையையும் இணையுங்கள். கொள்ளளவுப் பொய் சுலபமாக நிரூபணமாகும் என்பதால் அதை முதல் வரியிலேயே வையுங்கள். விற்பனையாளர் மறுத்தால் அந்த ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலே நீங்களே மனு போடலாம்.