போடி இலவம்பஞ்சும் ஆங்கர் நூலும்: வீட்டில் தலையணை தைக்க வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். கடையில் விற்கும் ஃபைபர் தலையணை சில மாதத்திலேயே சப்பையாகிவிடுகிறது, வெயில் காலத்தில் பிடரியெல்லாம் வேர்க்கிறது என்று அலுத்துப்போனவர்கள் ஒருமுறை இலவம்பஞ்சில் தைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது எல்லாருக்கும் இதுதான்.

தேனி மாவட்டத்தில் போடி பக்கம் இலவ மரங்கள் அதிகம், கோடையில் காய் வெடிக்கும் சமயத்தில் புதுப் பஞ்சு வரும். நான் வாங்கியது அங்கிருந்து வந்த, கொட்டை நீக்கிய பஞ்சு. வெளுத்த வெள்ளையாக இல்லாமல் லேசான சந்தன நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் மினுமினுவென்று இருக்கிறது. இந்த இழையின் உள்ளே வெறும் காற்றுதான், மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு, அதனால் கையில் எடுத்தால் எடையே தெரியாது, தண்ணீரில் போட்டு விரலால் அமுக்கினாலும் மேலே வந்துவிடும். ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காக்கும் அங்கிக்குள் இதைத்தான் அடைத்தார்கள். இதற்கு முன் வேறொரு கடையில் வாங்கிய பொட்டலத்தில் கொட்டையும் காம்பும் தூசியும் அவ்வளவு இருந்தன, பொறுக்கி எடுக்கவே ஒரு மத்தியானம் போய்விட்டது. அதனால் விலை குறைகிறதே என்று பார்க்காமல், மூட்டையைப் பிரித்துக் காட்டச் சொல்லி, கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

16-க்கு 24 அங்குலத் தலையணைக்கு ஒரு கிலோ பஞ்சு சரியாக இருக்கும். உயரமாக வேண்டும் என்றால் இன்னும் கால் கிலோ. உள்பைக்கு நெசவு நெருக்கமான மெத்தைத் துணிதான் வேண்டும், அந்தக் கோடு போட்ட துணி. பழைய சேலையிலோ மெல்லிய காட்டனிலோ தைத்தால் இழை துணி வழியாக வெளியே வந்து காலையில் முடியெல்லாம் ஒட்டியிருக்கும். தையலைப் பொடியாக வைத்து, ஓரத்தில் இரட்டைத் தையல் போடுங்கள். அடைக்கும்போது ஃபேனை நிறுத்திவிட்டு மூக்கில் துணி கட்டிக்கொண்டு, முதலில் நான்கு மூலைகளிலும் திணித்துவிட்டு அப்புறம் நடுவுக்கு வர வேண்டும், இல்லாவிட்டால் மூலைகள் காலியாகத் தொங்கும். வீசிங், தூசி அலர்ஜி இருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம், வேறு யாரையாவது அடைக்கச் சொல்லுங்கள். இந்தப் பஞ்சில் எனக்குள்ள ஒரே குறை, துவைக்க முடியாது. நனைந்தால் கட்டி தட்டிவிடும். அவ்வப்போது வெயிலில் போட்டுத் தட்டி எடுத்தால் மறுபடி உப்பிக்கொள்ளும்.

துவைக்க முடியாது என்பதால் அலங்கார வேலையெல்லாம் கழற்றக்கூடிய மேலுறையில்தான். ஜிப்கூட நான் வைப்பதில்லை, பின்பக்கத்தை இரண்டு துண்டாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்று நான்கைந்து அங்குலம் ஏறி நிற்கும்படி தைத்துவிட்டால் தலையணையை அதன் வழியாகவே நுழைத்துவிடலாம். எம்ப்ராய்டரியை உறையை மூட்டுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே போட்டு முடித்துவிட வேண்டும்.

எம்ப்ராய்டரி நூலுக்கு ஆங்கர் பிராண்டுதான் என் தேர்வு. ஒரு நூற்கண்டில் 8 மீட்டர், ஆறு இழை. பூவிதழுக்கு மூன்று இழை, காம்புக்கும் கொடிக்கும் இரண்டு இழை பிரித்துக்கொண்டால் வேலை தடிப்பாகத் தெரியாது. நூலை நீளமாக எடுக்காதீர்கள், முழங்கை அளவு போதும், அதற்கு மேல் போனால் சிக்கு விழுந்து பளபளப்பும் போய்விடும். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்த கலர் கலரான நூல் செட் ஒன்றில் சிவப்பு முதல் துவைப்பிலேயே வெள்ளைத் துணி முழுக்க இறங்கிவிட்டது. ஆங்கரின் அடர் சிவப்பு எத்தனையோ துவைப்புக்குப் பிறகும் என்னிடம் அப்படியே இருக்கிறது. எந்த நூலானாலும் ஒரு துண்டுத் துணியில் தைத்து நனைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

கண்ணாடி, மணி, ஜமிக்கி வைத்த உறை சோபா குஷனுக்கு மட்டும் போதும், கன்னம் படுகிற இடத்தில் அது குத்தும். தலைக்கு வைப்பதில் சங்கிலித் தையலில் ஓரமாக ஒரு கொடி போட்டு, நடுவைச் சும்மா விட்டாலே அழகு. குழந்தைகள் புழங்கும் குஷனில் பொத்தானும் மணியும் கண்டிப்பாக வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கோ தலையணையே தேவையில்லை, ஆசையாகத் தைத்ததாக இருந்தாலும் தூங்கும் இடத்தில் வைக்காதீர்கள்.