பிள்ளைக்குத் துணி நாப்கினா, டயப்பரா?

செலவு: பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துக்கொண்டால் துணிக்குக் காசே இல்லை. டயப்பர் வாங்கி வாங்கி மாதக் கடைசியில் கையைக் கடிக்கும்.

தோல்: சென்னைக்கு இதுதான் முக்கியம். மே மாதப் புழுக்கத்தில் டயப்பருக்குள் வியர்வை தேங்கி, தொடையிடுக்கு செக்கச்செவேலென்று ஆகிவிடும். துணியில் காற்று புகும். ஆனால் நனைந்தவுடன் மாற்றணும். டயப்பரையும் மூன்று நாலு மணி நேரத்தில் மாற்றி, அடுத்ததைப் போடுமுன் கொஞ்ச நேரம் வெறுமனே விடுங்கள், பாவம் பிள்ளை.

துவைப்பு: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி லேசில் காயாது. ஈரவாடையோடு கட்டவே கட்டாதீர்கள்.

குப்பை: டயப்பரைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்கணும்.

பகலில், வீட்டில் ஆள் இருந்தால் துணி. இரவுத் தூக்கம், பஸ் பயணம், மழைநாள் என்றால் டயப்பர்.