“செத்த முடிவோ, எழும்பின முடிவோ?”: கிளிநொச்சியில் ஒரு படக்கடை

கரடிப்போக்குச் சந்தியிலிருந்து கொஞ்சம் தள்ளி, போன் கவரும் சார்ஜரும் தோரணம் மாதிரித் தொங்கும் ஒரு சின்னக் கடை. பென் ட்ரைவைக் கொடுத்தால் பழைய படங்கள் ஏற்றித் தருவார்கள். கடைப்பெயரைப் போடவில்லை, போட்டால் அந்தத் தம்பிக்குத் தலையிடி.

போன மாதம் அம்மாவுக்காகத் தனுஷின் ‘அம்பிகாபதி’ கேட்டேன். தம்பி திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “அக்கா, செத்த முடிவோ, எழும்பின முடிவோ?” என்றான். முட்டைக் கொத்தா கோழிக் கொத்தா என்று கேட்கிற அதே குரலில்.

விஷயம் தெரியாதவர்களுக்கு: 2013இல் இந்தியில் ‘ராஞ்சனா’ என்று வந்த படம். காசிப் பையன் குந்தன் கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் செத்துப்போவான். 2025 ஓகஸ்டில் தமிழில் திரும்ப வெளியிட்டபோது ஏஐயை வைத்து அவனைக் கண் திறக்கவைத்துவிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் கொதித்தார், தான் ஒப்புக்கொண்ட படம் இதில்லை என்று தனுஷும் அறிக்கை விட்டார். இரசிகர்களில் பாதிப் பேர் திட்ட, மீதிப் பேர் விசில் அடித்தார்கள். நான் திட்டின பக்கம். ஏனென்றால் சாகும்போது அவன் மனதுக்குள் பேசுகிற பேச்சே, நினைத்தால் எழும்பலாம், ஆனால் திரும்பவும் காதலித்து மனம் உடைய யாரால் முடியும் என்பதுதான். களைத்துப்போய்ப் படுத்தவனைத் தட்டி எழுப்பி, “சந்தோசமா இரு” என்றால் என்ன நியாயம்?

அதற்காக எங்களுக்கு மாறின முடிவு புதிதும் இல்லை. தொண்ணூறுகளில் நாங்கள் விசுவமடுவில் இருந்தோம். கரண்ட் கிடையாது, பொருளாதாரத் தடை, மண்ணெண்ணெய் தங்கம். யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, இஞ்சினைக் கொஞ்சப் பெற்றோலில் அடித்துக் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி, விடிய விடியப் படம் ஓடும். வருகிற கொப்பிகளில் பாட்டுகள் வெட்டுப்பட்டிருக்கும். ஒருநாள் மூன்றாவது படத்தில், கதாநாயகனைத் தூணில் கட்டிவைத்த நேரம் பார்த்து இஞ்சின் இருமி இருமி நின்றுவிட்டது. அந்த இருட்டில் பாயில் இருந்தபடியே அம்மா மிச்சக் கதையைச் சொல்லி முடித்தா. பக்கத்து வீட்டு மாமி, “இல்லையடி, அவன் சாகிறான்” என்று வேறொன்று சொன்னா. காலையில் கிணற்றடியிலும் அதே சண்டைதான். படம் என்ன முடிவோ அதை ஒருத்தரும் அழிக்கவில்லை, அது கசெட்டுக்குள் பத்திரமாக இருந்தது.

அந்தப் பழைய வடிவத்தைப் பத்திரமாக வைக்காமல் மறைக்கிறபோதுதான் எனக்குக் கோபம் வருகிறது. ‘பாபா’வை 2022இல் வெட்டி ஒட்டி, ரஜினியே திரும்ப டப்பிங் பேசி விட்டார், சரி, அவர் படம், அவர் பாடு. ஹொலிவுட்டில் ஜோர்ஜ் லூகாஸ் தன் ‘ஸ்டார் வோர்ஸ்’ஸை 1997இலிருந்து மாற்றி மாற்றித் தோண்டிக்கொண்டே இருந்தார். பழைய வடிவம் நல்ல தரத்தில் வெளிவராததால் இரசிகர்களே தியேட்டர் றீல்களைத் தேடிப்பிடித்து ஸ்கேன் பண்ணினார்கள். ஸ்பீல்பேர்க் பரவாயில்லை. தன் ‘ஈ.டி.’ படத்தில் பொலிஸ்காரரின் கையிலிருந்த துப்பாக்கியை 2002இல் வோக்கி டோக்கியாக்கிவிட்டு, பிறகு பிழை என்று ஒப்புக்கொண்டு பழையபடி துப்பாக்கியைக் கொடுத்தார்.

கடைக்கு வருவோம். தம்பி இரண்டு வடிவத்தையும் வேறு வேறு ஃபோல்டரில் வைத்திருக்கிறான், ‘பழசு’, ‘புதுசு’ என்று தமிழிலேயே பெயர் போட்டு. பழைய டிவிடிகள் அட்டைப்பெட்டியில் தூசியோடு கிடக்கின்றன, எறிந்துவிடவில்லை. இதற்கே நான் ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

ஒன்றைக் குறைத்தது ‘கர்ணன்’ஆல். 1964இல் வந்த படம், 2012இல் டிஜிட்டலாகத் துலக்கித் தியேட்டரில் நூறு நாள் தாண்டி ஓடியது. அதை நம்பிக் கேட்டால், எனக்குக் கிடைத்தது யாரோ அகல ரீவிக்கு இழுத்த கொப்பி. சிவாஜி தோசைக்கல் மாதிரி முகத்தோடு நிற்கிறார், தேர்ச்சக்கரம் முட்டை வடிவம். அம்மா, “கர்ணனுக்கு என்ன வீக்கம்?” என்று கேட்டா. திருப்பிக் கொண்டுபோனபோது தம்பி முகம் சுளிக்காமல் வேறொன்று ஏற்றித் தந்தான், காசு வாங்கவில்லை.

‘அம்பிகாபதி’யை இரண்டு முடிவிலும் போட்டுக் காட்டினேன். எழும்பினதைப் பார்த்துவிட்டு அம்மா, “இவன் ஏன் முழிக்கிறான்?” என்றா, பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டா.

மின்விசிறி இல்லை, மத்தியானம் போகாதீர்கள். பென் ட்ரைவ் சொந்தமாகக் கொண்டுபோங்கள், அவன் விற்பது சீக்கிரம் பழுதாகிறது. ஏற்றத் தொடங்குமுன்பே ‘பழசு’ என்று சொல்லிவிடுங்கள்.