தேர்தல் மனு: ரந்தாவிலிருந்து ஒரு மதிப்பீடு

தேர்தல் மனு என்றாலே தோற்றவர் போடும் கேஸ் என்று பலர் நினைக்கிறார்கள். மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலச் சட்டமன்றத் தொகுதியான ரந்தாவுக்கு அது பொருந்தாது. 2018 ஏப்ரல் 28, வேட்புமனு நாள். வேட்பாளராக வந்த டாக்டர் ஸ்ரீராமிடம் நுழைவு பாஸ் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எதிர் வேட்பாளர் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். தோட்டத்து ஜனங்களுக்குச் சட்டமன்ற வாக்குச்சீட்டே கிடைக்கவில்லை.

ஸ்ரீராம் மனு போட்டார். நவம்பர் 16-இல் தேர்தல் நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்தது. 2019 பிப்ரவரி 18-இல் கூட்டரசு நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்த, ஏப்ரல் 13-இல் இடைத்தேர்தல். முகமட் ஹசானே 4,510 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதனால் மனு வீண் என்று சொல்லிவிடாதீர்கள். ஓராண்டுக்குள் வாக்கு வாக்காளர் கைக்குத் திரும்பியது.

வேகத்தில் நம் ஊருக்கு நல்ல மார்க் போடலாம். தமிழ்நாட்டு ராதாபுரத்தைப் பாருங்கள். 2016-இல் அப்பாவு 49 வாக்கில் தோற்றார். சென்னை உயர் நீதிமன்றம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டதே 2019-இல்தான். எண்ணியும் முடித்தார்கள், ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் சட்டமன்றத்தின் காலமே முடிந்துவிட்டது. கென்யாவில் அதிபர் தேர்தல் வழக்கை 14 நாளில் முடித்தாக வேண்டும். 2017-இல் அப்படித்தான் தேர்தலையே ரத்து செய்தார்கள். ஆனால் அந்த அவசரத்தில் ஆதாரம் திரட்ட மூச்சுவிட நேரமிருக்காது.

நம் மலேசிய மனு முறையின் குறை வாசலிலேயே இருக்கிறது. மனு போட, முடிவு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 28 நாள்தான்; வாக்களித்த நாளிலிருந்து எண்ணிக் குழம்ப வேண்டாம். வேட்பாளர் மட்டுமல்ல, தொகுதி வாக்காளரும் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம். காப்புத்தொகை கட்ட வேண்டும், தோற்றால் எதிர்த்தரப்புச் செலவும் தலையில் விழும். மனுதாரர் கையெழுத்து விடுபட்டாலோ, எதிர்த்தரப்பிடம் மனுவை முறைப்படி சேர்க்காவிட்டாலோ, யார் எங்கே என்ன தவறு செய்தார் என்று விவரமாக எழுதாவிட்டாலோ, சாட்சி கூண்டேறும் முன்பே தள்ளுபடி. நியாயமான புகார்கள் இப்படிச் சாவது வேதனை.

எண்ணிக்கைத் தகராறு என்றால் போராங் 14 (வாக்கு எண்ணிக்கைப் படிவம்) இல்லாமல் வக்கீலிடம் போகாதீர்கள். தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் ஒவ்வொரு சாலுரானும் (வாக்களிப்பு வரிசையும்) எண்ணி முடிந்ததும் அந்தத் தாளில்தான் எண்கள் ஏறும். வேட்பாளரின் முகவர் கூட்டிப் பார்த்துக் கையெழுத்திட்டு, நகலைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.