வீட்டு பி.பி. மெஷின்: அந்தப் பச்சை ஸ்மைலிக்காக ஒரு ஸ்டார் கழித்துவிட்டேன்

முதல் கர்ப்பத்தில் 34-ஆவது வாரம் எனக்கு பி.பி. ஏறியது. எனக்குத் தெரியவே இல்லை. சோப்புப் போட்டு இழுத்தும் மோதிரம் கழலவில்லை. கண் முன்னால் மின்மினி மாதிரி புள்ளிகள் பறந்தன. மாசமாக இருந்தால் வீங்கத்தான் செய்யும், அசதியாகத்தான் இருக்கும் என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள், நானும் அதையே நம்பிக்கொண்டு நான்கு நாள் ஓட்டினேன். வழக்கமான செக்கப்புக்குப் போனபோது 164/108. அப்படியே அட்மிஷன்.

அதனால் இரண்டாவது முறை கர்ப்பம் உறுதியானதும் முதலில் வாங்கியது மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பி.பி. மெஷின். கர்ப்பம் முழுக்கவும் பிரசவத்துக்குப் பின் ஆறு வாரமும் பயன்படுத்தியிருக்கிறேன். பிராண்டு பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறை இந்த ரகத்தில் நிறைய மெஷின்களுக்குப் பொருந்தும்.

முதலில் கஃப், அதாவது கையில் சுற்றிக் கட்டும் காற்றுப் பட்டை. பெட்டியோடு வந்தது 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக் கைக்கானது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை, கட்டினேன், பட்டனை அழுத்தினேன். 144/92. மறுநாள் 146/90. பத்தாவது வாரத்திலேயே இப்படியா என்று அடிவயிறு கலங்கிப் போய் டாக்டரிடம் ஓடினால் அங்கே 118/76. சிஸ்டர் என் மெஷினைக் கொண்டுவரச் சொல்லி வாங்கிப் பார்த்தார். பிறகு டேப் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் என் கையை அளந்தார். 34 செ.மீ. "கஃப் சின்னதும்மா. சின்ன கஃப் கட்டினா அளவு ஏத்தித்தான் காட்டும்" என்றார். பெரிய கஃப் தனியாக வாங்கிய பிறகு என் மெஷினும் டாக்டரிடம் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றாகவே காட்டின. பெட்டிக்குள் ஒரு அளவு டேப்பைப் போட்டுவைத்திருந்தால் எனக்கு ஒரு வாரத் தூக்கம் மிச்சமாகியிருக்கும். கஃப்பை ஒழுங்காகக் கவனிக்காமல் அளவை எழுதிவைப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மணிக்கட்டில் கட்டும் ரகத்தை நான் யோசிக்கவே இல்லை. கை கொஞ்சம் இறங்கினாலும் ஏறினாலும் அளவு மாறிவிடும்.

பயன்படுத்துவது சுலபம், பழக்கம்தான் வரவேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால்மேல் கால் போடாமல், கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்கும்படி வைத்து, பேசாமல் அளக்கவேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு தடவை. பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பெரும்பாடு. மூத்தவன் சரியாக அந்த நேரத்தில்தான் "அம்மா, உள்ள பாம்பு இருக்கா?" என்று கஃப் உப்புவதைப் பார்த்துக் கேட்பான்.

டாக்டர் எனக்குக் கொடுத்திருந்த கணக்கு எளிது. 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால் கொஞ்ச நேரம் ஓய்வெடுத்து மறுபடி அளக்கவேண்டும், குறையாவிட்டால் அன்றைக்கே போன். மேலே 160 அல்லது கீழே 110 தொட்டுவிட்டால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடவேண்டும். முதல் கர்ப்பத்தில் பி.பி. ஏறியிருந்ததால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் 12-ஆவது வாரத்திலிருந்து எழுதிக்கொடுத்திருந்தார்.

இனி அந்த ஸ்மைலி. அளந்து முடித்ததும் திரையின் மூலையில் பச்சையில் ஒரு சிரித்த முகம் வரும். கொஞ்சம் ஏறினால் மஞ்சள், அதிகமானால் சிவப்பு. முதல் சில மாதம் அந்தப் பச்சையைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போவேன்.

33-ஆவது வாரம், ஒரு ராத்திரி. வலது விலாவுக்குக் கீழே இறுக்கிப் பிடித்த மாதிரி வலி. வாயுப் பிடிப்பு என்று நினைத்து எழுந்து நடந்தேன், போகவில்லை. தலையும் மாலையிலிருந்து வலித்துக்கொண்டே இருந்தது. மெஷினைக் கட்டினேன். 136/86. பச்சை, சிரிப்பு. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு, "நார்மலாத்தானே இருக்கு, படு, காலைல பாத்துக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம் படுத்தும்விட்டேன். மோதிரம் ஞாபகம் வந்தது. எழுந்து பையை எடுத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார்கள். 152/98. யூரினில் ஆல்புமின் என்ற புரதம் இரண்டு ப்ளஸ். முதல் தடவை வந்த அதே ப்ரீஎக்ளாம்ப்சியா மறுபடியும், அதாவது கர்ப்பத்தில் பி.பி. ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் கோளாறு. விலாவுக்குக் கீழே இருந்த வலி வாயு இல்லை, கல்லீரல்.

ஏன் இப்படி என்று டியூட்டி டாக்டரிடம் கேட்டேன். ஸ்டெத் வைப்பவர் ரத்தக்குழாயின் சத்தத்தைக் கேட்டு அளக்கிறார், 1905-இல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன முறை. என் மெஷின் சத்தம் எதையும் கேட்பதில்லை. கஃப்புக்குள் காற்றழுத்தம் துடிப்பதைப் பார்த்து, தனக்குள் இருக்கும் ஒரு சூத்திரத்தைப் போட்டு எண்ணைக் கணக்கிடுகிறது. ப்ரீஎக்ளாம்ப்சியா வந்தவர்களிடம் இந்தக் கணக்கு சில மெஷின்களில் தவறிப்போய்க் குறைத்துக் காட்டும். அதனால்தான் கர்ப்பிணிகளிடமும் ப்ரீஎக்ளாம்ப்சியா உள்ளவர்களிடமும் சோதித்துத் தேறிய மாடலா என்று பார்த்து வாங்கவேண்டுமாம். என் பெட்டியில் "மருத்துவ ரீதியாகச் சோதிக்கப்பட்டது" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்தவேண்டும் என்றும் இருந்தது. ஸ்டார் கழித்ததற்கு ஸ்மைலியோடு அந்தப் பொடி எழுத்தும் காரணம்.

"நம்பர் சரியா இருந்தாலும் உடம்பு சரியில்லன்னா வந்துடணும்" என்று சிஸ்டர் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் எழுதி மெஷின் பையின் உள்பக்கம் ஒட்டினேன். விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது மின்னல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மூச்சுத் திணறல். இதெல்லாம் பி.பி. சம்பந்தப்பட்டவை. மெஷினுக்குச் சம்பந்தமே இல்லாதவையும் எழுதினேன்: ரத்தப்போக்கு, நீர் கசிவு, 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, ராத்திரியில் உள்ளங்கை உள்ளங்காலில் தாங்காத அரிப்பு. கடைசி வரியை இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்: குழந்தை அசைவு குறைந்தால் அன்றைக்கே, ராத்திரியானாலும். மாசம் நெருங்க நெருங்க அசைவு குறையும் என்று என்னிடம் சொன்னவர்கள் ஒரு டஜன் பேர் இருப்பார்கள். உதைக்கும் தினுசு மாறலாம், ஆனால் அசைவே குறைவது சரியில்லை.

இதே பயத்தில் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கும் டாப்ளர் கருவி ஒன்றும் ஒரு தோழி கொடுத்தாள். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் நாடித்துடிப்பையே குழந்தையுடையது என்று நினைத்துவிடும் வாய்ப்பு அதில் அதிகம். துடிப்பு கேட்பதாலேயே குழந்தை நன்றாக இருக்கிறது என்றும் ஆகாது.

மெஷினைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன், நியாயமாக ஒன்றும் சொல்லவேண்டும். 36-ஆவது வாரத்தில் மகள் பிறந்தாள். வீடு திரும்பி ஐந்தாம் நாள், தூக்கமில்லாததால் தலைவலி என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள், நானும்தான். பிள்ளை பிறந்துவிட்டதே, இனி என்ன பி.பி. என்று மெஷினை உள்ளே வைத்திருந்தேன். தாள் ஒட்டியதுதான் ஞாபகம் வந்தது, எடுத்துக் கட்டினேன். 158/104. ஓய்வுக்குப் பிறகு 156/104. அன்று மஞ்சளைத் தாண்டி சிவப்பு வந்ததும் யாரும் "படு" என்று சொல்லவில்லை. பிரசவமான முதல் வாரத்தில்தான் பலருக்கு இப்படி ஏறும், ஆறு வாரம் வரை கவனிக்கவேண்டும் என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். அந்த ஒரு நாளுக்காகவே நான்கு ஸ்டார்.

பேட்டரி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நினைவில் வைக்கும் வசதி இருக்கிறது, ஆனால் யார் அளந்தாலும் ஒரே பட்டியலில் போய் விழுகிறது. என் மாமனாரின் அளவை என்னுடையது என்று டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டேன். நோட்டில் எழுதுவதே உத்தமம்.

போன மாதம் தங்கையிடம் கொடுத்தேன், அவளுக்கு இது நான்காம் மாதம். அவள் செக்கப்புக்குப் போனபோது மெஷினையும் எடுத்துப்போய் அங்குள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டாள். கொடுப்பதற்கு முன் ஸ்மைலி வரும் மூலையில் ஒரு துண்டுக் கறுப்பு டேப் ஒட்டினேன். "ஏன்க்கா, கெட்டுப்போச்சா?" என்றாள். தாளைக் காட்டினேன். அவள் கை 27 செ.மீ., பெட்டியோடு வந்த சின்ன கஃப் அவளுக்குச் சரியாக இருக்கிறது.